உப்பு ஏறும் நாட்கள்

அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கோலாலம்பூருக்கு வடமேற்கே, அசாம் ஜாவாவில் ஆற்றை ஒட்டி அவருக்கு ஒரு நர்சரி இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள், டுரியான் கன்றுகள், கொஞ்சம் ரம்புத்தான், எல்லாம் கறுப்பு பாலிபேக்கில் வரிசை வரிசையாக நிற்கும். மாமா ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது அவருடைய ஆட்களில் பாதிப்பேர் லோரி ஓட்டப் போனார்கள், மீதிப்பேர் காவல் வேலைக்குப் போனார்கள். மாமாவுக்குச் செடியைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. கன்று வளர்க்க ஆரம்பித்தார்.

நான் ஷா ஆலாமில் ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆற்று நீரோட்டக் கணக்குதான் என் வேலை. ஆற்றில் ஓர் இடத்தில் கருவி வைத்திருப்பார்கள். ஒரு விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது என்று நாளுக்கு ஓர் எண் அதிலிருந்து வரும். பல வருடத்து எண்களைச் சேர்த்து வைத்து, எந்தப் பருவத்தில் எத்தனை நாள் ஆறு நிறைந்து ஓடுகிறது, எத்தனை நாள் குறைகிறது, குறைந்தால் எவ்வளவு நாள் தொடர்ந்து அப்படியே கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் இது ஒரு வேலையாகத் தெரிந்ததில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நர்சரிக்குப் போயிருந்தேன். மாமா என்னைப் பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆற்றை ஒட்டித் தாழ்வான நிலம், லாலாங் புல் மண்டிக் கிடந்தது. ஈஜோக்கில் இருக்கும் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், நிலம். குத்தகைக்கு விடப் போகிறாராம்.

"இத எடுத்தா இப்ப வச்சிருக்கிற மாதிரி ரெண்டு மடங்கு கன்னு வைக்கலாம் லா. லோரி நேரா உள்ள வரும். மண்ணும் நல்ல மண்ணு."

"அப்புறம் என்ன மாமா, எடுக்க வேண்டியதுதானே?"

அவர் ஆற்றைக் காட்டினார். அலையேற்ற நேரம். பழுப்புத் தண்ணீர் கடல் பக்கமிருந்து மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நீப்பா ஓலை ஒன்று அதில் தலைகீழாக மிதந்து போனது.

"ஆத்துல தண்ணி கொறஞ்சா கடல் தண்ணி ஏறிடுது. அங்க மேல, நம்ம பம்பு இருக்கிற எடத்துல, உப்பு வந்தது ரொம்பக் கம்மி. இங்க கீழ அடிக்கடி வரும்னு சொல்றாங்க. நாலு நாளு வந்தா சமாளிச்சிருவேன். தொட்டியில புடிச்சி வச்சத ஊத்திக்குவேன். நாலு வாரம் வந்தா? டுரியான் கன்னு தாங்காதும்மா. எத்தன நாளு வரும்? அதத்தான் நீ பாத்துச் சொல்லணும். உன் வேலையே அதுதானே?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் அதே ஆற்றின் கணக்கைத்தான் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தேன். ஒரு தொழிற்பேட்டைக்காரர்கள் நீர் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை என் மேலாளரிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். தரவை யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஆனால் சொந்தக்காரர் கேட்டால் ஆறு எப்படி ஓடுகிறது என்று வாயால் சொல்வதில் தப்பில்லை என்றார். எழுந்து போகும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னார். "கம்பெனிக்குச் சொல்றது சுலபம். அவங்க நம்ம கணக்கை ஒரு அலமாரியில வைப்பாங்க. குடும்பத்துக்குச் சொன்னா அவங்க அப்படியே நடப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க." அப்போது அதை நான் ஒரு வயதானவரின் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

முதலில், ஆறு எவ்வளவு குறைந்தால் உப்பு எங்கே வந்து நிற்கும் என்று தெரிய வேண்டும். மாமாவிடம் உப்பை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் பம்பு வாயில் தண்ணீரை எடுத்து அளந்து, மீட்டரைப் படம் பிடித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார். கால்வாய்க்குக் கீழே மீன் பிடிக்கப் போனால் அங்கேயும் அளப்பார். எங்களில் யாரும் அந்தப் படங்களைப் பார்த்ததேயில்லை. இப்போது பின்னால் தள்ளித் தள்ளிப் போய் எல்லாவற்றையும் எடுத்தேன். அந்தந்த நாளில் ஆறு எவ்வளவு ஓடியது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாழ்நிலத்தில் உப்பு வராமல் இருக்க ஆறு இவ்வளவாவது ஓட வேண்டும் என்று ஒரு எல்லை கிடைத்தது. மாமாவின் மேட்டு நிலத்துக்கு அதைவிட வெகு கீழே இன்னொரு எல்லை கிடைத்தது. ஆறு அந்த எல்லைக்குக் கீழே போகும் நாள்தான் உப்பு ஏறும் நாள்.

வருடத்து நாட்களையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டிப் பார்த்தபோது பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. தாழ்நிலத்தில்கூட உப்பு ஏறும் நாட்கள் மொத்தத்தில் சிறு பங்குதான். தொழிற்பேட்டைக்காரர்களுக்கு அந்தக் குவியலே போதும். மாமாவுக்குப் போதாது. கன்று வருடம் முழுக்கப் பரவலாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருக்காது.

அதனால் பருவம் பருவமாகப் பிரித்தேன். நம் பக்கத்தில் ஏப்ரலைச் சுற்றியும் அக்டோபர், நவம்பரிலும் நல்ல மழை. வருடத் தொடக்கத்தில் ஒரு வறட்சி, ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை இன்னொன்று. பிரித்ததும் அந்தச் சிறு பங்கு எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிட்டது. அநேகமாக எல்லாம் நடு வருட வறட்சியில் ஒன்றாக மொய்த்திருந்தன.

தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணுவதில்தான் தொல்லை. அலுவலகத்தில் பல வருடமாக ஓடுகிற கணினி நிரல் ஒன்று உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றோடு ஆண்டு முடிகிறது என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். ஆற்றுக்கு அது தெரியாது. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நீண்ட வறட்சியை நிரல் இரண்டாக வெட்டி, இரண்டு குட்டி வறட்சியாகக் காட்டியது. பருவ எல்லையிலும் அதே வெட்டு. எந்தப் பருவத்தில் தொடங்கியதோ அந்தப் பருவத்தின் பேரிலேயே முழு நீளத்தையும் எண்ணும்படி மாற்றி எழுதினேன்.

அதைவிட என்னை உறுத்தியது வெற்று நாட்கள். கருவி பழுதான நாட்களில் எண் இருக்காது, கட்டம் காலியாக இருக்கும். பொதுவாக நாங்கள் பக்கத்து நாட்களைப் பார்த்து நிரப்பிவிடுவோம். ஆனால் இந்த ஆற்றில் காலியான கட்டங்கள் வறண்ட மாதங்களில்தான் அதிகம் இருந்தன. விசாரித்தேன். நீர்மட்டம் ரொம்பக் கீழே போனால் கருவியின் குழாய் வாயில் சேறு அடைத்துக்கொள்ளுமாம். அதாவது, ஆறு மிகவும் மோசமாக இருந்த நாட்களைப் பற்றித்தான் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாட்களை நீர் குறைந்த நாட்கள் என்று எடுத்தால் ஒரு நீளம் வந்தது. இல்லையென்று எடுத்தால் வேறு நீளம். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மீன் கறி வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மாமா தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ம், சொல்லு" என்றார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். அவர் கையை நீட்டி அதை மூடினார்.

"படமெல்லாம் வேணாம் லா. ஒரே நம்பரு சொல்லு. எத்தன நாளு?"

"ஒரே நம்பரு இல்ல மாமா. சில வருஷம் ஒண்ணுமே வராது. சில வருஷம் ஜூன், ஜூலைல அங்கொண்ணு இங்கொண்ணா வரும். ஆனா சில வருஷத்துல தொடர்ந்து வந்திருக்கு. மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேல கூடப் போயிருக்கு. கீழ் நெலத்தத்தான் சொல்றேன்."

"சில வருஷம்னா எந்த வருஷம்?"

"முன்கூட்டியே சொல்ல முடியாதே."

"நம்ம எடத்துல?"

"இங்க மேல பயமில்ல. ஒண்ணு ரெண்டு நாளு வந்திட்டுப் போயிருக்கு. தொட்டித் தண்ணியே போதும்."

மாமா விரலால் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டார். அக்கா தட்டுகளை எடுத்தபடி கேட்டாள்.

"நீயா இருந்தா எடுப்பியா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஒரு வறட்சியில் கன்றெல்லாம் போனால் மறுபடி எழுந்திருக்க முடியுமா என்று யோசித்தேன். "நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப வேணாம்" என்றார் மாமா. அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

தாழ்நிலத்தைக் கம்போங் குவாந்தான் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரர் எடுத்தார். முன்பு சுற்றுப்பயணிகளுக்கு மின்மினிப் பூச்சி காட்டப் படகு ஓட்டியவர். எங்கள் எல்லோருக்குமே அவர் பாக்சிக்தான், மலாயில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். மாமாவுக்குப் பல வருடப் பழக்கம். எடுப்பதற்கு முன்னால் அவர் மாமாவிடம் வந்து கேட்டாராம், நீ ஏன் வேண்டாம் என்று விட்டாய் என்று. மாமா நான் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பாக்சிக் கேட்டுக்கொண்டு போய், கொஞ்சநாளில் லாலாங்கை வெட்டி, கன்று வைத்துவிட்டார். நிலத்தின் ஒரு மூலையில் பெரிய குட்டை வெட்டி மழைத் தண்ணீர் பிடித்து வைத்தார்.

அந்த வருடம் நடு வருடத்தில் நல்ல மழை. அடுத்த வருடமும் அப்படித்தான். ஜூலையில் குடையில்லாமல் வெளியே போக முடியவில்லை. ஆறு ததும்பி ஓடியது. பாக்சிக்கின் கன்றுகள் தளதளவென்று வளர்ந்தன. லோரிகள் மாமாவின் வாசலைத் தாண்டி உள்ளே போயின. மாமாவிடம் வழக்கமாக வாங்கும் ஆட்கள் சிலர், அங்கே நிறைய இருக்கிறது, ஒரே இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அங்கே போனார்கள். மாமாவின் வியாபாரம் கெட்டுப்போகவில்லை. ஆனால் காலையில் கேட்டைத் திறந்தால் எதிரே தெரிவது அவர் விட்டுவிட்ட நிலம்.

முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. "இன்னிக்கு மழை வருமா, உன் தங்கச்சிய கேளு" என்று அக்காவிடம் சொல்வார். அக்கா எனக்குப் போனில் சொல்லிச் சிரிப்பாள். இரண்டாவது வருடத் தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். மாமா என்னை யாருக்கோ அறிமுகம் செய்துவைத்தார். "இவதான் நமக்கு ஆத்து ஜோசியம் பாக்கறவ. இவ பேச்சக் கேட்டுத்தான் நான் கீழ் நெலத்த விட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் இருந்த முறுக்கைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

சமையலறையில் அக்காவிடம் போய் நின்றேன்.

"ஜோசியம்னு சொல்றாரு. நான் வரும்னு சொன்னேனா? வரலாம்னுதானே சொன்னேன்?"

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதுடி. எனக்கும் தெரியல. நீ எடுக்க மாட்டேன்னு சொன்ன. அவரு விட்டுட்டாரு. அதான் எங்களுக்குத் தெரியும்."

"நீதானேக்கா கேட்ட?"

"ஆமா, நான்தான் கேட்டேன். கேக்காம இருந்திருக்கணும்."

அதற்குப் பிறகு அவளுடைய போன் குறைந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து வரும், கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வரும். வாரம் வாரம் சனிக்கிழமை வா என்று சொல்வது மட்டும் நின்றுபோனது.

நான் காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கென்று இணையப் பக்கம் இருக்கிறது. தொழிற்பேட்டை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கு அந்த ஆற்றோடு வேறு வேலையில்லை. ஆனாலும் பார்ப்பேன். மட்டம் உயர்ந்திருந்தால் அன்று முழுவதும் ஒரு எரிச்சல் இருக்கும். கொஞ்சம் இறங்கியிருந்தால், இன்னும் இறங்கட்டும் என்று தோன்றும். எதற்காக அப்படித் தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வறட்சி வந்தால் போதும், மாமா என்னை முன்போலப் பார்ப்பார். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற பேர் எத்தனை, கன்று வைத்திருக்கிற பேர் எத்தனை என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன். யாரிடமும் சொல்லக்கூடிய ஆசை இல்லை அது.

மூன்றாம் வருடம் வறட்சி வந்தது. மே மாதத்திலேயே மழை நின்றுவிட்டது. ஜூனில் எங்கோ காடு எரிந்து வந்த புகைமூட்டம் வேறு. கோலாலம்பூர் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. ஆற்றின் கோடு நாளுக்கு நாள் திரையில் கீழே இறங்கியது. நான் குறித்து வைத்த தாழ்நிலத்து எல்லையை அது தாண்டிய காலையில், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காப்பி போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு வாரத்தில் அக்காவே கூப்பிட்டாள். பாக்சிக் ஆற்றுப் பம்பை நிறுத்திவிட்டாராம். குட்டைத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறாராம். "நீ சொன்ன மாதிரியே ஆகுது" என்றாள். அவள் குரலில் பழைய நெருக்கம் இருந்தது. "மாமா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அங்க போய்ப் பாத்துட்டு வந்தாரு. வந்து ரொம்ப நேரம் வெளியவே உக்காந்திருந்தாரு" என்றாள்.

இரண்டு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது. நான் மாமாவிடம் சொன்ன நீளத்தை வறட்சி தொட்டது. இனி மழை வந்துவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்று உறுதியாக நம்பியது. பழைய நாட்களின் கணக்கு புதிய நாட்களைக் கட்டிப் போடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். இருந்தும் நம்பினேன். கோடு அந்த நீளத்தையும் தாண்டி, கீழே, இன்னும் கீழே போனது. என் சந்தோஷம் எப்போது பயமாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு காலை குடும்ப வாட்ஸ்அப்பில் மாமாவின் படம் வந்தது. மீட்டர். பின்னால் அவருடைய சொந்தப் பம்பின் பச்சைக் குழாய். எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேட்டு நிலத்திலும் உப்பு ஏறியிருந்தது.

விடுப்பு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவும் அக்காவும் வேலைக்கு இருக்கும் இரண்டு வங்காளதேசத்து ஆட்களும் கன்றுகளுக்கு நடுவில் நின்றிருந்தார்கள். இளம் டுரியான் கன்றுகளின் இலை ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கியிருந்தது. உப்பு வந்தது தெரியாமல் இரண்டு நாள் ஊற்றிவிட்டார்கள். அங்கே உப்பு வராது என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அதனால் மாமா தினமும் அளக்கவில்லை. தொட்டியில் இருந்த நல்ல தண்ணீர் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

"உன் கணக்குல இது இருந்துச்சா?" என்றார் மாமா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்ல மாமா."

"மேல பயமில்லன்னு சொன்ன."

"சொன்னேன். அது வரைக்கும் நடந்தத வச்சி..."

"அதத் தெளிவாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

சொன்னேன் என்றுதான் வாய்வரை வந்தது. அந்த மேசையில், அந்த மத்தியானத்தில், சொன்னேனா? இவ்வளவும் கருவி வைத்த பிறகு நடந்தது மட்டும்தான், இதைவிட மோசமாகவும் வரலாம் என்று சொன்னதாக ஒரு நினைவு இருக்கிறது. அது அவர்களிடம் சொன்னதா, அலுவலக அறிக்கையில் எழுதியதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

கொஞ்ச நேரத்தில் பாக்சிக் மோட்டார்சைக்கிளில் வந்தார். அவரும் அந்தப் படத்தைப் பற்றி யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறார். இலைகளைத் தொட்டுப் பார்த்தார். மாமாவிடம் மலாயில் பேசினார். குட்டையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, லோரியில் தொட்டியை ஏற்றிக்கொண்டு வா, எடுத்துக்கொள் என்றார்.

"உன் கன்றுக்கு?" என்று மாமா கேட்டார்.

"என்னுடையதில் பாதி போய்விட்டது. போனதற்குத் தண்ணீர் எதற்கு?"

அந்த நிலத்தை நான் அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆற்றோரத்துக் கன்றுகள் வரிசையாகக் கருகி நின்றன. குட்டையின் கரையில் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் கலங்கிய தண்ணீர். நான் இத்தனை மாதம் திரையில் இறங்கட்டும் இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். பாக்சிக் பம்பின் குழாயைக் குட்டையில் போட்டுப் பிடித்துக்கொண்டார். நான் லோரியின் மேல் ஏறித் தொட்டியின் வாயில் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தண்ணீர் எல்லாக் கன்றுக்கும் பத்தாது. திரும்பி வந்ததும் மாமா வரிசைகளுக்கு நடுவில் நடந்தார். எதற்கு ஊற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். செம்பனைக்கு அரைத் தண்ணீர். வளர்ந்த டுரியானுக்கு முழுத் தண்ணீர். கடைசியில் அந்த வருடம் ஒட்டுக்கட்டிய இளம் கன்றுகளின் பக்கம் வந்து நின்றார். ஒவ்வொன்றும் அவர் கையால் கட்டியது.

"இத விட்டுருங்க" என்றார்.

அக்கா, "எல்லாத்தையுமா?" என்றாள்.

"எல்லாத்தையும் லா. பாதிப் பாதி ஊத்தினா எல்லாமே போயிரும்."

நானும் அக்காவும் வாளியோடு வளர்ந்த கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டு போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தடவை என் வாளி வழுக்கிக் கொஞ்சம் தண்ணீர் தரையில் கொட்டியது. அவள் சட்டென்று திரும்பி, "பாத்துடி" என்று கத்தினாள். பிறகு அவளே வந்து என் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தூக்கிப் போனோம்.

அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் பாக்சிக்கின் குட்டை, சாயங்காலம் காசு கொடுத்து வரவழைத்த தண்ணீர் லோரி. குட்டை வற்றிய பிறகு வாங்கிய தண்ணீர் மட்டும். மழை வந்தது ஒரு மத்தியானம், முன்னறிவிப்பு ஒன்றுமில்லாமல். யாரும் குதிக்கவில்லை. மாமா தொட்டிகளின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கருகிய இளம் கன்றுகளின் பக்கம் போய் நின்று நனைந்தார். அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மழைக்குப் பிறகு ஒருநாள் லோரியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது மாமா தானாகவே பேசினார்.

"பாக்சிக் ரெண்டு வருஷம் நல்லா எடுத்தாரு. ஒரு வருஷத்துல பாதி விட்டாரு. மறுபடி வைக்கப் போறாராம். நான் ஜாக்கிரதையா இருந்தேன். நானும் விட்டேன். யாரு செஞ்சது சரின்னு நெனக்கிற?"

"தெரியல மாமா."

"எனக்கும் தெரியல." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "ஆனா ஒண்ணு. உன் பேச்ச அவரும் கேட்டாரு, நானும் கேட்டேன். அவரு கேட்டுட்டுக் குட்ட வெட்டுனாரு. நான் கேட்டுட்டு சும்மா இருந்துட்டேன். அதுக்கு உன்மேல கோவப்பட்டுட்டு இருந்தேன்."

நான் என் பங்குக்கு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆறு வற்றட்டும் என்று தினமும் காலையில் காத்திருந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் அந்த வருடத்து எண்களையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். யாரும் கேட்கவில்லை. நடு வருடப் பருவத்தில் மிக நீண்ட தொடர்ச்சி என்ற இடத்தில் பழைய எண் போய்ப் புதிய எண் வந்தது. அதுவும் முழு எண் இல்லை. வறட்சியின் கடைசி நாட்களில் கருவியின் குழாயை மறுபடி சேறு அடைத்துவிட்டது. அந்தக் கட்டங்கள் காலி. அந்த நாட்களில் நான் ஆற்றங்கரையில்தான் இருந்தேன், ஆறு எப்படிக் கிடந்தது என்று கண்ணால் பார்த்தேன். ஆனால் எவ்வளவு ஓடியது என்று என்னால் ஓர் எண் எழுத முடியாது. காலியாகவே விட்டேன்.

ஆண்டு கடைசியில் மாமாவும் தன் நிலத்தில் குட்டை வெட்டுவதென்று முடிவானது. பாக்சிக்தான் தோண்டும் இயந்திரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று என்னைக் கேட்டதும் அவர்தான். மாமா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதுவரை நடந்த மிக மோசமான வறட்சியைத் தாங்க இவ்வளவு வேண்டும் என்று ஓர் ஆழம் சொன்னேன். அதைவிட மோசமாக ஒன்று வந்தால் இந்தக் குட்டை தாங்காது, அது வருமா வராதா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். இந்தத் தடவை மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அக்காவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் அக்கா.

இயந்திரம் நாள் முழுக்கத் தோண்டியது. சாம்பல் நிறக் களிமண் மேலே வந்து குவிந்தது. சாயங்காலம் ஓட்டுநர் நான் சொன்ன ஆழத்துக்கு வந்துவிட்டதாகக் கையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தினார். மாமா குழியின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுநரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தோண்டு என்று சைகை காட்டினார்.